குதிரை நின்றால்தான் பனோரமா

ஐதராபாத்தில் குதிரை பார்க்க ரேஸ்கோர்ஸ் வரை போக வேண்டாம். முகூர்த்த நாள் சாயங்காலம் ஏதாவது ஒரு ஃபங்ஷன் ஹால் பக்கம் டிராஃபிக்கில் மாட்டினால் போதும். முன்னாடி மர்ஃபா மேளம், ரெண்டு பக்கமும் விளக்குத் தூக்கிகள், நடுவில் வெள்ளைக் குதிரை மேல் மாப்பிள்ளை. (குதிரை நிதானமாக இருக்கும், மாப்பிள்ளைதான் பயந்துபோய் இருப்பார்.) இதை ஒரே நீளப் படமாக எடுக்கலாம் என்று செல்போனில் பனோரமாவை இழுத்துப் பாருங்கள். கட்டடம், கடைப்பலகை எல்லாம் ஒழுங்காக விழும். குதிரைக்கு மட்டும் ஆறு கால் இருக்கும், இல்லையென்றால் தலை இருக்காது.

காரணம் ரொம்பச் சின்னது. பனோரமா என்பது ஒரு படம் இல்லை, பல துண்டுகளின் ஒட்டு. இடது ஓரத்தை எடுத்து வலது ஓரம் வருவதற்குள் சில நொடிகள் ஓடிவிடும். அதற்குள் குதிரை ஒரு எட்டு வைத்துவிடும்.

இந்தத் தகராறு புதுசு இல்லை. எட்வர்ட் மைப்ரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் 1878-ல் ரெண்டு வேலை செய்தார். ஒன்று, சான் பிரான்சிஸ்கோ நகரத்தை ஒரு குன்றின் மேல் நின்று சுற்றிச் சுற்றி 13 கண்ணாடித் தகடுகளில் எடுத்து, ஒட்டினால் சுமார் 17 அடி வரும் பனோரமா செய்தார். இன்னொன்று, அதே வருஷம் ஜூனில் பாலோ ஆல்ட்டோவில் 12 கேமராக்களை வரிசையாக வைத்து ஓடும் குதிரையை எடுத்தார். குதிரை பாயும்போது நாலு காலும் ஒரு கணம் தரையை விட்டு எழும்புகிறது என்று அப்போதுதான் உலகத்துக்குக் கண்ணால் தெரிந்தது. ரெண்டையும் செய்தவர் ஒருவரே. ஆனால் ரெண்டும் தனித்தனிப் படங்கள். நகரத்தை எடுத்தபோது எதுவும் ஓடவில்லை. குதிரையை எடுத்தபோது பின்னால் வெறும் வெள்ளைத் திரைதான், நிலம் இல்லை.

நம்ம மலக்பேட்டைக்கு வாருங்கள். ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான் காலத்தில், 1886-ல், மௌலா அலியிலிருந்து குதிரைப் பந்தயம் இங்கே வந்தது. பந்தயங்களில் எந்தக் குதிரை மூக்கு முன்னே என்று முடிவு சொல்ல ஃபோட்டோ ஃபினிஷ் என்று ஒன்று உண்டு. அந்தக் கேமரா திரும்பவே திரும்பாது. முடிவுக்கோட்டை மட்டும் ஒரு மெல்லிய இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கும். அந்தப் படத்தில் இடமிருந்து வலம் தெரிவது தூரம் இல்லை, நேரம். பனோரமாவைத் தலைகீழாகத் திருப்பிய மாதிரி! குதிரை வந்துவிடும், மைதானம் வராது.

ஓவியர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. 1999-ல் இதே ஊரில் சினிமா கர் என்ற அருங்காட்சியகத்தைத் திறந்த எம்.எஃப்.ஹுசைன் வாழ்நாள் முழுக்கக் குதிரை வரைந்தார். பாய்ச்சல் வேண்டுமா, எடுத்துக்கொள். நிலம் வேண்டாமா, விட்டுவிடு. தூரிகைக்கு என்ன கவலை.

ஓடுகிற குதிரையையும் அதன் நிலத்தையும் சேர்த்துப் பிடிப்பது கஷ்டம். நின்றுகொண்டே இருக்கிற குதிரை வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று புதுக்கோட்டை, சிவகங்கைக்காரர்களைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வார்கள்: ஐயனார் கோயில்.

குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட ஐயனார் கோயில் குதிரை முப்பதடிக்கு மேல் உயரம். மாசி மகத்தன்று அதற்குச் சாத்தும் காகிதப்பூ மாலைகளில் குதிரையே மறைந்துபோகும். ஆனால் பனோரமாவுக்கு ஏற்ற இடம் அது இல்லை. புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகும் வழியில் நமணசமுத்திரம் பக்கம் போங்கள். கோயிலுக்குப் போகும் பாதையின் ரெண்டு பக்கமும் மண்குதிரைகள் வரிசையாக நிற்கும். எங்கள் ஊர்க் கோயிலிலும் இதே மாதிரிதான், கொஞ்சம் சின்ன வரிசை.

போன மாசித் திருவிழாவுக்குப் போனபோது அந்த வரிசையை முழுசாக எடுத்துக்கொண்டு வந்து, நாலடி நீளத்துக்குப் பிரிண்ட் போட்டு, இங்கே ஹாலில் மாட்டியிருக்கிறேன். என் பெண் பிறந்தது வளர்ந்தது எல்லாம் செகந்திராபாத். படத்தைப் பார்த்ததும் முதல் கேள்வி, "இதுல நம்ம குதிரை எதுப்பா?" எனக்கு வேலை கிடைத்தால் குதிரை வைக்கிறேன் என்று அப்பத்தா நேர்ந்துகொண்டது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை. போன் போட்டுக் கேட்டோம். அப்பத்தா சிரித்துக்கொண்டே, "எது முழுசா நிக்கிதோ அது நம்மளது இல்ல கண்ணு. ஒடஞ்சு கெடக்கதுல ஒண்ணு" என்றார்.

அதற்கப்புறம்தான் அந்தப் படத்தைச் சரியாகப் பார்த்தேன். ஒரு ஓரத்தில் போன புரவி எடுப்பில் வந்த குதிரைகள், வண்ணம் கலையாமல். தள்ளிப்போகப் போக வண்ணம் போய், காது போய், கழுத்து போய், கடைசியில் நாலு கால் மட்டும். அதற்கும் அப்பால் வெறும் மண்மேடு. கோயிலில் பிடிமண் கொடுத்து, வேளார் வனைந்து, சுட்டு, கண் திறந்து, ஊரே தோளில் தூக்கிக்கொண்டு வந்த மண் திரும்ப மண்ணாகிக்கொண்டிருக்கிறது. குதிரைகள் அசையவில்லை, ஆனாலும் படத்தில் காலம் விழுந்துவிட்டது. தில்லி கைவினை அருங்காட்சியகத்திலும் தட்சிணசித்ராவிலும் ஐயனார் குதிரைகள் இருக்கின்றன. அழகுதான். ஆனால் அங்கே இந்த வரிசை கிடையாது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. ஊரிலிருந்து தலைக்கட்டு வரிக்கு வாட்ஸ்அப் வந்திருக்கிறது. இந்த முறை சிமெண்ட் குதிரை வைத்துவிடலாம், மழைக்குக் கரையாது, வெளியூர்க்காரர்கள் கொஞ்சம் கூடப் போட்டால் நல்லது என்கிறார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. வேளார் வீட்டுப் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். கண்மாயில் மண் எடுக்க அனுமதிக்கு அலைய வேண்டும். சூளை போட ஆள் இல்லை. இதெல்லாம் ஊரில் இருப்பவர்கள் படுகிற பாடு. ஐதராபாத்தில் உட்கார்ந்துகொண்டு மண்தான் உசத்தி என்று சொல்வது சுலபம்.

ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது. சிமெண்ட் குதிரை ஒரு தடவை நின்றுவிட்டால் அப்புறம் யாரும் பிடிமண் கொடுக்க வேண்டியதில்லை, தூக்க வேண்டியதில்லை, எங்களை மாதிரி ஆட்கள் அதற்காக ஊருக்கு வர வேண்டியதும் இல்லை. குதிரை உடைவதால்தான் ஊர் திரும்பத் திரும்பக் கூடுகிறது.

அதனால் வரியை அனுப்பிவிட்டு, ஒரு மண்குதிரைக்கும் தனியாகப் பணம் போட்டிருக்கிறேன், பெண் பெயரில். ஊர்க்கூட்டத்தில் என்ன முடிவு செய்வார்களோ, தெரியவில்லை. வெளியூரில் இருக்கும் நம்ம பக்கத்து ஆட்களுக்கும் இந்த மாதிரி செய்தி வந்திருக்கும். பணம் அனுப்பும் முன் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள்.

பி.கு: வரிசையை எடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று. ஒரே இடத்தில் நின்று திரும்பினால் நேர் வரிசை வில்லாக வளையும், நடுக்குதிரை பெருத்து ஓரத்துக் குதிரை சிறுத்துவிடும். வரிசைக்கு இணையாக நடந்துகொண்டே தனித்தனியாக எடுத்து அப்புறம் ஒட்டுங்கள். அவசரமே வேண்டாம், குதிரை நகராது :)