இரண்டு இந்தியனும் பேத்தியின் கேள்வியும்



1996-இல் வந்த 'இந்தியன்' படத்தைச் சனிக்கிழமையும், 2024-இல் வந்த 'இந்தியன் 2' படத்தை மறுநாளும் பேத்தியோடு வீட்டில் பார்த்தேன். இரண்டும் ஷங்கர் இயக்கம், கமல் நடிப்பு. இரண்டும் ஏறக்குறைய மூன்று மணி நேரம். முதல் படம் போனதே தெரியவில்லை. இரண்டாவதில் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டேன்.

ரஹ்மானா, அனிருத்தா என்று பலரும் எழுதிவிட்டார்கள். எனக்குப் பட்டது வேறு.

முதல் படத்தில் சேனாபதி ஏன் கத்தி எடுத்தார் என்பது நம் கண்முன் நடக்கிறது. தீக்காயத்தோடு மகள் கஸ்தூரி துடிக்கிறாள். லஞ்சம் தரமாட்டேன் என்று மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்குமாக அப்பா அலைகிறார். மகள் போய்விடுகிறாள். பிறகு மகன் சந்துருவே காசு வாங்கிக்கொண்டு பிரேக் சரியில்லாத பேருந்துக்குச் சான்று கொடுக்க, பள்ளிப் பிள்ளைகள் சாகிறார்கள். அவனையும் அவர் விடவில்லை. அதில் வருகிற தப்புக்காரர்கள் எல்லாம் நாம் மேஜைக்கு முன்னால் நின்று பார்த்த ஆட்கள்.

இரண்டாவதில் தங்கத்தில் குளிக்கும் கோடீஸ்வரர்கள். வர்மம் போட்டதும் ஒருவர் குதிரை போல ஓடுகிறார். பேத்தி சிரித்தாள். யாருக்கும் வலிக்கவில்லை.

ஆனால் ஓர் இடம் உண்டு. 'முதலில் உங்கள் வீட்டைச் சரி செய்யுங்கள்' என்று சேனாபதி சொல்ல, சித்தார்த் தன் அப்பா சமுத்திரக்கனியையே காட்டிக்கொடுக்கிறார். குடும்பம் சிதைகிறது. வா என்று அழைத்த பிள்ளைகளே சேனாபதியைப் போ என்று துரத்துகிறார்கள். படமே அதைப் பற்றி இருந்திருக்கலாம்.

அந்த இடத்தில்தான் பேத்தி கேட்டாள்: "தாத்தா, நீங்க லஞ்சம் குடுத்திருக்கீங்களா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. முதல் 'இந்தியனை'த் தியேட்டரில் கைதட்டிப் பார்த்த அடுத்த வருடம், சொந்த ஊருக்கு மாறுதல் வேண்டி ஓர் அலுவலகத்தில் கவர் கொடுத்தேன். சொன்னேன்.

"அவரு வாங்கினவங்களைத்தான் குத்துவாரு தாத்தா, பயப்படாதீங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் சாகக் கிடந்தபோதும் அந்த அப்பா கொடுக்கவில்லை. நான் கொடுத்தது, தினமும் இரண்டு பஸ் மாற அலுப்புப்பட்டு.

இரண்டையும் பார்த்தவர்கள் உங்கள் எண்ணத்தைச் சொல்லுங்கள்.