கல் ஓடமும் காற்று ஓடமும்

தாமிரபரணியில் அணைக்கட்டுகள் எட்டு. காயக் படகில் போக ஆசைப்படுகிறவன் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். ஒவ்வொன்றிலும் இறங்கி, படகைத் தூக்கிக்கொண்டு கரையோடு சுற்றிப் போகவேண்டும். நாங்கள் நாலு பேரும் நாற்பதைத் தாண்டியவர்கள். அதனால் மற்ற ஊர்களைக் காரில் பார்த்துக்கொண்டு, சுத்தமல்லிக்குக் கீழே மட்டும் தண்ணீரில் இறங்கினோம்.

பாபநாசத்தில் பாவத்தோடு துணியையும் விட்டுப் போகிறார்கள். படித்துறையில் காலை வைத்தால் ஈர வேட்டி சுற்றிக்கொள்கிறது. அம்பையும் கல்லிடைக்குறிச்சியும் பிசான நெல் பச்சையாய்க் கடந்தன. சேரன்மகாதேவியில் ஒரு காப்பி.

மறுநாள் விடிந்தும் விடியாமலும், சுத்தமல்லிக்குக் கீழே, காற்றடைத்த இரண்டு காயக்குகளை ஆற்றில் தள்ளினோம். துடுப்புக்கு வேலையே இல்லை. மடியில் வைத்துக்கொண்டால் ஆறே கூட்டிப்போனது. நீர்க்காகம் ஒன்று பாறையில் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்த பெரியவர் கேட்டார்: "எங்கய்யா போறீய?" குறுக்குத்துறைக்கு என்றோம். "அதுக்குத்தான் பஸ் கெடக்கே!"

குறுக்குத்துறை நான் வளர்ந்த துறை. முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளத்தைக் கிழித்து விலக்க, மேற்குப் பக்கத்தைப் படகின் முனைபோலக் கட்டியிருக்கிறார்கள். முப்பது வருடம் கரையிலிருந்தே பார்த்தவனுக்கு அது வெறும் மதில். அன்று காயக்கின் மூக்கு அதை நோக்கிப் போனபோதுதான், எதிரே வருவது ஒரு கல் ஓடம் என்று பட்டது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்களுக்கு ஒரு திருவிழா உண்டு. எந்தப் பஞ்சாங்கத்திலும் இருக்காது. வெள்ளம் பார்க்கப் போவது. தண்ணீர் ஏறுகிறது என்று தெரிந்ததும் உற்சவரையும் உண்டியலையும் கரையிலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். மூலவர் எங்கே போவார்? பாறையில் செதுக்கியவர், முங்கிக்கொண்டே இருப்பார். ஆச்சி என் கையை இறுக்கிப் பிடித்தபடி நிற்பாள். தென்னை மட்டை, வைக்கோல், ஒருமுறை முழுக் கூரை ஒன்றும் போயிற்று. மண்டபம் மறைந்ததும் கூட்டத்தில் ஒரு சத்தம் எழும். பயமா பக்தியா என்று பிரிக்க முடியாது. "போதும்ல, சாமி குளிச்சிட்டு வரட்டும்" என்று ஆச்சி வீட்டுக்கு இழுப்பாள். நாலு நாளில் வண்டலை வாரிக் கொட்டிவிட்டு மறுபடி பூசை. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும் அப்படித்தான்.

வெள்ளத்துக்கு இடம் விட்டுக் கட்டத் தெரிந்த ஊர், சாக்கடைக்கும் அதே ஆற்றைத் திறந்துவிட்டிருக்கிறது. கோயிலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே துடுப்பில் அமலைச்செடி சிக்கியது, பிறகு நாற்றம். பேச்சு நின்றுபோனது. 2018 புஷ்கரத்தின்போது புனித நீராடப் படித்துறைகளில் அத்தனை கூட்டம். இந்தச் சாக்கடைகளின் வாயை அடைக்கக் கேட்டு அதில் பாதிப்பேர் நின்றிருந்தால் போதும்.

மீதி காரில்தான். சீவலப்பேரியில் சிற்றாறு சேர்கிறது. எட்டில் கடைசியான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு வெள்ளைக்காரன் காலத்தது. உள்ளே தண்ணீர் நிற்கவேண்டிய இடத்தில் மணலும் சீமைக்கருவேலமும். புன்னைக்காயலில் உப்புக்காற்று, கடல்.

சாயங்காலம் வீட்டு முற்றத்தில் இரண்டு காயக்குகளையும் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினோம். குழாயில் வந்ததும் தாமிரபரணித் தண்ணீர்தான்.