கண்ணாடிக் குளமும் கரியமில வாயுவும்

மரஞ்செடி கொடிகளுக்கு உணவாக அமைவது, மனிதனுக்கும் விலங்குக்கும் கழிவாக அமைகின்றது. நாம் வெளிவிடும் கரியமில வாயுவைத் தாவரம் ஏற்கின்றது. தாவரம் வெளியிடும் உயிர்வளியை நாம் ஏற்கின்றோம். இந்தக் கொடுக்கல் வாங்கலை 1771ஆம் ஆண்டில் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் ஆங்கில அறிஞர் ஒரு புதினாத் தளிரைக் கொண்டு கண்டறிந்தார். மெழுகுவத்தி எரிந்து கெட்ட காற்றை அத்தளிர் திருத்திற்று. 1779இல் யான் இங்கென்ஹவுஸ் என்னும் டச்சு மருத்துவர், நீருள் அமிழ்த்திய இலைகளில் எழும் குமிழிகளை ஆராய்ந்து, ஒளியில் மட்டுமே தாவரம் இத்தொண்டினைச் செய்கின்றது. இருளில் அதுவும் நம்மைப் போலவே காற்றைக் கெடுக்கின்றது என நிறுவினார். பள்ளிப் பாடத்தோடு நின்றுவிட்ட இவ்வுண்மைகள் என் இல்லத்தில் மீண்டும் உயிர்பெற்றது ஒரு கண்ணாடித் தொட்டியின் வாயிலாக ஆகும்.

தமிழாசிரியனுக்கு இத்தகைய பொழுதுபோக்கு எதற்கு என நண்பர்கள் வினவுவதுண்டு. ஓடும் நீரையும் ஆடும் கொடியையும் பாடம் சொல்பவன் அவற்றைக் கண்ணால் காண விழைவதில் வியப்பில்லை. இரண்டடி நீளமும், ஓரடி அகலமும், ஓரடி உயரமும் உள்ள சிறு தொட்டி அது. ஐம்பது லிட்டருக்குச் சற்று மேற்பட்ட நீர் கொள்ளும். அதில் மீன்கள் இல்லை. ஆறு ஆப்பிரிக்கக் குள்ளத் தவளைகள் உள்ளன. கட்டைவிரலின் மேற்கணு அளவே உள்ள இவை கேமரூன், நைஜீரியா, காங்கோ முதலிய நாடுகளின் தேங்கு நீர்நிலைகளுக்கு உரியவை. ஹைமினோகைரஸ் என்பது இவற்றின் அறிவியற்பெயர். நம் வயல் தவளைகளைப் போல இவை கரையேறி வாழ்வதில்லை. வாழ்நாள் முழுதும் நீரிலேயே கழிக்கின்றன. ஆயினும் மூச்செடுக்க மேற்பரப்புக்கு வந்தே தீர வேண்டும்.

கல்லூரியில் வேதியியல் பயிலும் என் தமக்கையின் மகன் ஒருநாள் தொட்டியை உற்று நோக்கிவிட்டு, "மாமா, செடிகள் வாடி நிற்கின்றனவே! கரியமில வாயு சிலிண்டர் ஒன்று வைத்தால் தரைமுழுதும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் வளரும்" என்றான். தவளைகளின் கதி என்ன என்று கேட்டேன். "அவை நுரையீரலால் அல்லவா மூச்சு விடுகின்றன? நீரில் எந்த வாயு கரைந்திருந்தால் அவற்றுக்கு என்ன?" என்பது அவன் விடை. கேட்பதற்குத் தருக்கம் பிசகாத விடையே. ஆயினும் அதில் பாதி உண்மையே இருந்தது.

தவளை நுரையீரலால் உயிர்வளியைப் பெறுகின்றது என்பது மெய். ஆனால் உடலில் உண்டாகும் கரியமில வாயுவின் பெரும்பகுதியை ஈரமான மெல்லிய தோலின் வழியாகவே நீரில் கழிக்கின்றது. உள்ளே மிகுதியும் வெளியே குறைவும் இருந்தால்தான் வாயு வெளியேறும். நீரிலேயே அவ்வாயுவை நாம் நிறைத்துவிட்டால், கழிவு செல்லும் வாயில் அடைபடுகின்றது. குருதி புளிப்புத் தன்மை அடைகின்றது. தலைப்பிரட்டைகளோ செவுளையும் தோலையும் நம்பியவை. அவற்றின் இடர் இன்னும் பெரிது. மெக்சிகோவின் சோச்சிமில்கோ நீர்நிலைக்குரிய ஆக்சலோட்டில் என்னும் வாலுடைய இருவாழ்விக்கும், செவுள், தோல், நுரையீரல் மூன்றும் இருப்பினும் இதே இடர் உண்டு.

மற்றொன்றும் கருதத்தக்கது. கரியமில வாயு காற்றைக் காட்டிலும் ஒன்றரை மடங்கு கனமானது. மூடி இறுக்கமாகப் பொருந்திய தொட்டியில், நீரிலிருந்து வெளிப்படும் வாயு நீர்மட்டத்தின்மேல் படிந்து தங்கும். தவளை மூச்செடுக்க எழுவதோ அவ்விடத்துக்கே. கேமரூன் நாட்டு நியோஸ் ஏரியில் 1986ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் இரவு, ஆழத்தில் கரைந்து கிடந்த இவ்வாயு திடீரெனப் பொங்கி எழுந்து பள்ளத்தாக்குகளில் படர்ந்தது. ஏறத்தாழ 1,700 மக்கள் உயிரிழந்தனர். ஆயிரக்கணக்கான கால்நடைகளும் மாண்டன. நீர் தன்னுள் எதனைச் சுமக்கின்றது என்பது மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. குள்ளத் தவளைகளின் தாயகமும் அதே கேமரூன் என்பதை அறிந்தபோது என் மனம் சற்றே கனத்தது.

இவற்றையெல்லாம் எடுத்துரைத்தபோது மருமகன் சினங்கொள்ளவில்லை. தாளும் எழுதுகோலும் எடுத்து வந்து அமர்ந்தான். இருவரும் சில வரையறைகளை வகுத்தோம். நீர்த்தாவரம் வளர்ப்போர் லிட்டருக்கு 30 மில்லிகிராம் வரை இவ்வாயுவைக் கரைப்பது வழக்கம். அவ்வளவு செடிக்கும் மீனுக்கும் என வகுக்கப்பட்டது; தவளைக்கென வகுக்கப்பட்டதன்று. எனவே அதில் பாதியைக் கடப்பதில்லை என்பது முதல் விதி. அளவினை அறிய, புரோமோதைமால் நீலம் கலந்த கரைசலுடைய சிறு கண்ணாடிக் குமிழ் ஒன்றைத் தொட்டியுள் பொருத்தினோம். அக்கரைசல் நீலமாயின் வாயு குறைவு, பச்சையாயின் ஏறத்தாழ 30 மில்லிகிராம், மஞ்சளாயின் அபாயம். எங்கள் குமிழ் நீலமும் பச்சையும் கலந்த நிறத்திலேயே நிற்க வேண்டும். அந்நிறமும் சில மணி நேரம் பிந்தியே மாறுமாதலின், வாயுவைச் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும்.

விளக்கு அணையும்போது வாயுவும் நிற்க வேண்டும் என்பது இரண்டாம் விதி. இங்கென்ஹவுஸ் கண்ட உண்மை இங்கே துணை நின்றது. அதற்கென மின்சாரத்தால் இயங்கும் வால்வையும் நேரங்காட்டியையும் இணைத்தோம். சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்த பாட்டில் முறை மலிவானதே. ஆனால் அதனை இரவில் நிறுத்த இயலாது என்பதால் விலக்கினோம். கண்ணாடி மூடியை அகற்றி வலைமூடி இட்டதும், இரவில் காற்றுக் குமிழி விட்டதும் மூன்றாம் விதியின்பாற்பட்டவை. திரவக் கரி என்னும் பெயரில் விற்கப்படும் மருந்துகள் பலவற்றில் இருப்பது மருத்துவமனைகளில் கிருமி கொல்லப் பயன்படும் குளுட்டரால்டிஹைடு. தோலால் மூச்சுவிடும் உயிர் வாழும் நீரில் அதற்கு இடமில்லை என்பது நான்காம் விதி. சிலிண்டரைப் பற்றியும் ஒரு சொல்: 31 பாகை வெப்பத்துக்கு மேல் அதனுள் திரவம் நில்லாது, முழுதும் வாயுவாகி அழுத்தம் விரைந்து ஏறும். எனவே வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் நிமிர்த்திக் கட்டி வைத்தல் வேண்டும்.

இவ்வளவுக்கும் மேலாக மருமகன் செய்த ஒன்றை நான் போற்றுகின்றேன். வாயு விடுவதற்கு முன்னரே ஒரு வாரம், நாள்தோறும் மாலையில் அரை மணி நேரம் அமர்ந்து, தவளைகள் எத்துணை முறை மூச்செடுக்க எழுகின்றன என்பதைக் குறித்து வைத்தான். வாயு விட்ட பின்னரும் அவ்வாறே குறித்தான். மாசி, பங்குனி மாதங்களில் வேறுபாடு தோன்றவில்லை, செடிகள் தழைத்தன. சித்திரை வெயிலில் நீர் சூடேறியது. 25 பாகையில் லிட்டருக்கு எட்டு மில்லிகிராமுக்கு மேல் உயிர்வளி கொள்ளும் நீர், 30 பாகையில் ஏழரையளவே கொள்ளும். தவளைகள் அடிக்கடி எழுந்தன. காரணம் வெப்பமா வாயுவா என வாதிடுவதற்கு நாங்கள் காத்திருக்கவில்லை. அன்றே வால்வை மூடினோம்.

இப்பொழுது கோடை தோறும் சிலிண்டர் ஓய்வு கொள்கின்றது. கம்பளப் புல்லில் ஒரு பகுதி கருகியது. அவ்விடத்தில் மேற்காப்பிரிக்க அனுபியாசும் ஜாவாப் பெரணியும் ஊன்றினோம். குறைந்த ஒளியிலும், வாயு ஊட்டாமலே, மெல்ல வளர்பவை அவை. மேலே மிதக்கும் ஆகாயத்தாமரையோ வேண்டிய வாயுவைக் காற்றிலிருந்தே பெற்றுக்கொள்கின்றது. தொட்டியின் அழகு சற்றுக் குறைந்தது என்பார் உளர். ஆறு தவளைகளும் நலமாக உள்ளன.

மாணவ நண்பர்களுக்கு நான் சொல்ல விழைவது இதுவே. ஓர் உயிரைத் தன் இடத்திலிருந்து பெயர்த்து நம் வீட்டுக்குள் கொணர்ந்தபின், அது சுவாசிக்கும் காற்றுக்கும் நாமே பொறுப்பாளிகள். அதற்கு முறையிட வாயில்லை. மேலெழும் தன் மூச்சினால் மட்டுமே அது பேசுகின்றது. அதனை எண்ணிப் பார்க்கும் பொறுமையுடையவர் கையிலே அறிவியற் கருவியை ஒப்படைக்கலாம்.