வட்டினைக் காணாத கண்

மலர்க் குழுவினர் நம்மிடம் கட்டுரை கேட்டபோது, கல்லூரியின் பழம்பெருமையையோ நமக்குக் கற்பித்த ஆசிரியப் பெருந்தகைகளையோ பற்றி எழுதுவோம் என்றே எதிர்பார்த்திருப்பர். அவற்றை எழுத நம்மினும் வல்லார் பலர் உளர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிறிது. பழைய விளையாட்டுப் பொறியொன்று தன்னுள் இட்ட இறுவட்டைப் படிக்க மறுத்தால், குறை எங்குளது எனத் தேடுவது எவ்வாறு என்பதே அது. நகைப்போர் நகைக்க. கல்லூரி ஆய்வுகூடத்திலே கண்ணாடிக் குற்றியின் இருபுறமும் ஊசி நாட்டி ஒளிமுறிவு கண்ட எவர்க்கும் இப்பொருள் அந்நியமன்று.

பொறியின் பெயர் பிளேஸ்ரேசன். சோனி நிறுவனத்தார் இதனை 1994 டிசெம்பரில் யப்பானிலும், 1995 செப்டெம்பரில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்பனைக்கு விட்டனர். 2006 இல் உற்பத்தி நிற்பதற்குள் பத்துக் கோடிக்கு மேற்பட்ட பொறிகள் உலகெங்கும் சென்றன. அவற்றுள் ஒன்று வெள்ளவத்தையில் ஓர் அறைக்கு வந்தது. உயர்தரப் பரீட்சை முடித்துக் கொழும்புக்கு வந்து, ஒரே அறையில் வாடகைக்கு இருந்த நாமும் நம்முடன் படித்த மூவரும் 1999 இல் பணம் சேர்த்து அதனை வாங்கினோம். மூவருள் ஒருவன் 2001 இல் கனடா சென்றான். 2017 இல் ரொறன்ரோவில் நோயுற்றுக் காலமானான். பொறி நம்மிடமே தங்கிவிட்டது.

சென்ற ஆண்டு அவன் மகன், பதினேழு வயதுப் பிள்ளை, நம் இல்லத்துக்கு வந்தான். பொறியைக் கண்டதும், "இதுதானா மாமா, அப்பா சொன்ன பெட்டி?" என்றான். மின்னை இணைத்தோம். இப்பொறியில் வட்டு இல்லாவிடினும் ஒரு திரை தோன்றும். அதிலே நினைவட்டையிற் சேமித்தவை யாவும் சிறுசிறு படங்களாகத் தெரியும். அட்டையின் கொள்ளளவு 128 கிலோபைற்று மட்டுமே; அதனுட் பதினைந்து அறைகள். மின்கலம் வேண்டாத நினைவகமாதலின் இருபது ஆண்டுகள் கடந்தும் அது எதனையும் மறக்கவில்லை. நண்பன் சேமித்த ஓட்டப் பதிவொன்றும் அங்கே இருந்தது. 1997 இல் யப்பானில் வெளியான கிரான் ரூரிஸ்மோ என்னும் மோட்டார்ப் பந்தய விளையாட்டில் அவன் ஓடிய ஓட்டம் அது.

ஈண்டு ஒரு நுட்பத்தை வாசகர் கருத்திற் கொள்ளல் வேண்டும். இத்துணைச் சிறிய அட்டையிலே திரைப்படம்போல் ஒரு காட்சியை அடைத்தல் இயலாது. காரை எவ்வாறு செலுத்தினான் என்னும் குறிப்பே அதிலுள்ளது. பாதையும் மலையும் காரும் வட்டிலுள்ளன. வட்டு ஓடினாலன்றி அந்த ஓட்டம் மீண்டும் உருப்பெறாது. வட்டோ ஓடவில்லை. கரிய திரையில் நிறுவனக் குறி தோன்றும், பின்னர் ஒன்றுமில்லை. பிள்ளை திரையை நோக்கியவாறே இருந்தான்.

நகரிலுள்ள திருத்துநர் ஒருவரிடம் கொடுத்தோம். "கண் போய்விட்டது ஐயா. ஒளியைக் கூட்டிப் பார்க்கலாம், சரிவராவிட்டால் எறிய வேண்டியதுதான்" என்றார். கண் என்றது வட்டைப் படிக்கும் வில்லையை. அதனடியில் ஒளியின் வலிமையைக் கூட்டவும் குறைக்கவும் மிகச் சிறிய திருகொன்று உண்டு. வட்டு ஓடவில்லையெனின் முதலில் அத்திருகிற் கைவைப்பது பலர் வழக்கம். சில நாள் ஓடவும் கூடும். ஆனால் கூடிய மின்னோட்டத்தால் ஒளிதரும் இருவாயியின் ஆயுள் குறையும். காய்ச்சலின் காரணம் அறியாது மருந்தின் அளவை மட்டும் கூட்டுவது போன்றது இது. நாம் பொறியைத் திருப்பி வாங்கிக்கொண்டோம்.

இறுவட்டின் விட்டம் 120 மில்லிமீற்றர், தடிப்பு 1.2 மில்லிமீற்றர். அதன்கண் உள்ள சுருட்பாதை நடுவிலே தொடங்கி விளிம்பை நோக்கிச் செல்கிறது. அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடைவெளி ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பகுத்தால் அதில் 1.6 பங்கு. 780 நனோமீற்றர் அலைநீளமுள்ள செந்நிறக்கீழ் ஒளியைக் கீழிருந்து பாய்ச்சி, தெறித்து வருவதைப் பொறி படிக்கிறது. வில்லை ஒரு சிறு வண்டியில் அமர்ந்து, தண்டவாளத்தின்மேல் உள்ளிருந்து வெளியே நகரும். ஆகவே இங்கே கண் மட்டும் போதாது, காலும் வேண்டும். இதனை மறந்தே பெரும்பாலோர் கண்ணைக் குற்றஞ் சாட்டுகின்றனர்.

முதற்காலத்துப் பொறிகளில் வண்டியும் அது நகரும் பாகங்களும் பிளாத்திக்கினால் ஆனவை. மின்வழங்கிக்கு அண்மையில் இருந்தமையால் வெப்பமும் தாக்கியது. ஒருபுறம் தேய, வில்லை சாய்ந்தது. பொறியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து விளையாடினர் என்று கேள்வியுற்றோர் உங்களுள் உண்டா? அது மூடநம்பிக்கையன்று. கவிழ்த்தால் வண்டியின் பாரம் மறுபுறம் சேர்ந்து, சாய்வு சற்றே நேராகும். பின்னர் வந்தவற்றில் வண்டியை உலோகத்தாற் செய்து வெப்பத்துக்கு அப்பால் வைத்தனர். நம்முடையது அப்பின்வந்த வகை.

மூடியைத் திறந்து, அது மூடியிருக்கிறது எனப் பொறிக்கு உணர்த்தும் சிறு ஆளியை அழுத்திப் பார்த்தோம். அவ்வாளி பழுதானால் வட்டு சுழலவே சுழலாது. வண்டி நடுவை நோக்கிச் சென்றது. வில்லை மேலும் கீழும் அசைந்து குவியம் தேடிற்று. (இந்நேரத்தில் வில்லைக்கு நேரே கண்ணை வைத்தல் கூடாது. அவ்வொளி கண்ணுக்குத் தெரியாதெனினும் கண்ணைத் தாக்கும்.) ஆகவே உயிர் உண்டு. அடுத்துப் பாட்டு வட்டொன்றை இட்டோம். முதலைந்து பாடல்கள் பழுதின்றி ஒலித்தன, எட்டாவது திக்கிற்று, பத்தாவது நின்றது. வேறொரு வட்டை இட்டோம், அதுவும் அவ்வாறே.

நமக்கு வேண்டிய விடை இதிற் கிடைத்தது. கண் மங்கியதாயின் முதற்பாடலும் பெரும்பாலும் கெட்டிருக்கும். நடுவிலே நன்றாகப் படித்து, வெளியே போகப்போகத் தடுமாறுவது வண்டி நகரத் தடையுள்ளதைக் காட்டும். குறி தோன்றியபின் விளையாட்டு நின்றதற்கும் காரணம் அதுவே. பாட்டு வட்டு ஒழுங்காக வரிசையிற் செல்லும். விளையாட்டு வட்டிலோ பொறி இருமடங்கு வேகத்திற் படிப்பதோடு அங்குமிங்கும் தாவவும் வேண்டும். மற்றொன்று: சோதிப்பதற்கு வீட்டிலே பதிந்த நகல் வட்டைக் கொள்ளலாகாது. அது ஒளியைத் தெறிப்பது குறைவாதலின், நல்ல பொறியையும் நோயுடையதெனக் காட்டிவிடும்.

ஐசோபுரோப்பைல் அற்ககோலிற் பஞ்சை நனைத்து வில்லையை மெல்லத் துடைத்தோம். மயிர்போன்ற கம்பிகளில் அது தொங்குவதால் அழுத்தலாகாது. பஞ்சில் ஓரளவு அழுக்கு வந்தது. உண்மையான எதிரி தண்டவாளத்தில் இருந்தான். ஒருகாலத்தில் கிறீஸாக இருந்தது தூசியுடன் கலந்து பலாப்பால்போல் இறுகியிருந்தது. அதனை முற்றாக நீக்கி, பற்சில்லுகளையும் ஒவ்வொரு பல்லாகத் துடைத்து, பிளாத்திக்கைத் தாக்காத வெண்கிறீஸை நெல்மணியளவு பூசினோம். பிள்ளை விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். இருமுறை வாங்கித் தானே துடைத்தான். வட்டையும் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாகத் துடைத்தோம். சுற்றித் துடைத்தால் பாதையின் வழியே கீறல் விழும். பாதையில் ஏறக்குறைய 2.5 மில்லிமீற்றர் நீளம் அழிந்தாலும் பொறி கணித்து ஈடுசெய்யும், அதற்கு மேல் அரிது. பெயர் அச்சிட்ட மேற்புறத்தையே பலர் பாதுகாப்பானதென எண்ணுவர். ஒளி தெறிக்கும் படலம் அதன் அடியிலேயே உள்ளதால் அங்கு விழும் கீறலுக்கு மருந்தில்லை.

திருகை நாம் தொடவில்லை. பாட்டு வட்டு கடைசிப் பாடல்வரை ஓடிற்று. பின்னர் விளையாட்டு வட்டை இட்டு, பதிவைத் திறந்தோம். மலைப்பாதையிலே ஒரு நீலக் கார் புறப்பட்டது. வளைவுகளில் மிகத் தாமதமாகவே தடை பிடித்தது. மூன்றாம் சுற்றில் புல்லிலே ஏறி இறங்கிற்று. "ரொறன்ரோவிலும் அப்பா இப்படித்தான், அம்மா ஏசுவா" என்றான் பிள்ளை. மறுமுறையும் பார்த்தான். மூன்றாம் முறை பார்க்கையில் யாதும் பேசவில்லை, நாமும் பேசவில்லை.

அவன் புறப்படுமுன் கடையொன்றிற் பழைய நினைவட்டை ஒன்று தேடி வாங்கினோம். வட்டில்லாதபோது தோன்றும் அத்திரையிலிருந்தே ஓர் அட்டையிலிருந்து மற்றொன்றுக்குப் படியெடுக்கலாம். ஒரு சில நொடியில் முடிந்துவிட்டது. எதனை வைத்துக்கொள்வது என்று கேட்டோம். தகப்பன் கையாற் செருகிய அட்டையை அவன் எடுத்துக்கொண்டான். நகல் நம்மிடம் இருக்கிறது.