சேவல் கால் போட்ட மலை!

கடற்கரை ஊருக்குப் போனா எல்லாரும் கடலைத்தான் பார்ப்பாங்க. பன்யூல்ஸ்-சுர்-மேர் போனீங்கன்னா, தயவுசெய்து கடலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்க. பிரான்ஸின் தெற்கு மூலையில், ஸ்பெயின் எல்லையை ஒட்டி இருக்கும் அந்த மத்தியதரைக் கடல் ஊரோட கதை மொத்தமும் பின்னாடி மலையிலதான் இருக்கு பாஸ்!

பெர்பிஞானில் ரயில் ஏறி, இடதுபக்க ஜன்னலைப் பிடிச்சிடுங்க. பாதி தூரத்துக்கு மேல கடல் கூடவே வரும். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம், கூட்டம். திராட்சை அறுவடை முடிஞ்ச அக்டோபர்தான் பெஸ்ட். துலூஸில் எக்ஸ்சேஞ்ச் செமஸ்டர் படிக்கிற நான் போனதும் அப்பத்தான். மத்தியானம் மெயின் ரோட்டில் நானும் ஒரு பூனையும் மட்டும்!

பீச் கூழாங்கல் பீச். பக்கத்துல 1882-ல் ஆரம்பிச்ச அராகோ கடல் ஆய்வுக்கூடம். சிற்பி மயோல் பிறந்த ஊரும் இதுதான். எல்லாம் பார்த்தாச்சா? இப்ப மலை ஏறுங்க.

மலை முழுக்கப் படிப்படியா திராட்சைத் தோட்டம். படிகளைத் தாங்குற சுவர்களில் சிமென்ட் இல்லை, மண்கலவைகூட இல்லை. அங்கேயே உடையிற பலகைக் கல்லை ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கியிருக்காங்க, அவ்வளவுதான். சிவில் ப்ரெண்ட்ஸ், இன்னொண்ணும் கவனிங்க. சரிவில் குறுக்கும் நெடுக்குமா கல் பதிச்ச வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தா சேவலோட கால்தடம் மாதிரியே இருக்கும். கேட்டலன் மொழியில் அதுக்குப் பேரே ‘சேவல் கால்’தான்! இலையுதிர்காலத்துல மழை கொட்டு கொட்டுன்னு கொட்டும்போது, தண்ணியைப் பிரிச்சு, வேகத்தைக் குறைச்சு, மண் கடலுக்குப் போகாம காப்பாத்துறது இந்த டிசைன். போட்டவங்க யாரும் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பர் எழுதினவங்க இல்லை. கல்லடுக்கும் இந்தக் கலை 2018-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிடுச்சு.

இந்தத் திராட்சை ஒயினாகுது. எங்கம்மா இதைப் படிப்பாங்க, அதனால கெமிஸ்ட்ரி மட்டும் சொல்றேன். சாறு நொதிச்சுக்கிட்டு இருக்கும்போதே ஸ்பிரிட் ஊத்தி நொதித்தலை நிறுத்திடுவாங்க. மிச்ச சர்க்கரை அப்படியே தங்கிடும். அதான் தித்திப்பு. 1936-லேயே ‘பன்யூல்ஸ்’ என்ற பேருக்கு அரசாங்க அங்கீகாரம் கிடைச்சாச்சு.

பேர் இருக்கு, ஆள்தான் இல்லை. இந்தச் சரிவில் டிராக்டர் ஏறாது. எல்லாம் கைவேலை. சுவரில் கல் அடுக்கிக்கிட்டிருந்த ஒரு தாத்தாகிட்ட என் அரைகுறை பிரெஞ்சில் பேச்சுக் கொடுத்தேன். எதிர்ச் சரிவைக் கையைக் காட்டி, ‘‘அதுவும் தோட்டமா இருந்ததுதான் தம்பி’’ங்கிற மாதிரி ஏதோ சொன்னார். அங்கே இப்ப வெறும் புதர்.

புதர்னா என்ன, அழகாத்தானே இருக்குன்னு விட்டுட முடியாது. 2023 ஏப்ரலில், கடும் வறட்சிக்கு நடுவுல, பக்கத்து ஊர் செர்பேர் கிட்ட பிடிச்ச தீ எல்லை தாண்டி ஸ்பெயினுக்கும் போனது. ஆயிரம் ஹெக்டேர் அளவுக்குக் கருகிடுச்சு. களை எடுத்த திராட்சைத் தோட்டம் தீக்கு வழி விடாது. கைவிட்ட தோட்டம்தான் விறகு. ஒரு விவசாயி ஊரைவிட்டுப் போனா, கீழே இருக்கிற வீடுகளுக்கும் ஒரு காவல் குறையுது. எனக்கு அந்த ஊரில் ரொம்ப உறுத்தினது இதுதான்.

இதே தோட்டங்கள் ஒரு காலத்தில் மனுஷங்களையும் காப்பாத்தியிருக்கு. 1940-ல் நாஜிகளுக்குப் பயந்து ஓடியவங்களுக்கு மேயர் அஸேமா ஒரு மலைப்பாதையைக் காட்டினார். விடியறதுக்கு முன்னாடி தோட்ட வேலையாட்களோட கலந்து ஏறினா யாருக்கும் சந்தேகம் வராது! லிசா ஃபிட்கோ என்ற பெண் பலரை அப்படிக் கூட்டிப்போனார். முதல்ல போனவங்கள்ல ஒருத்தர், தத்துவவாதி வால்டர் பெஞ்சமின். வயசு 48, இதயக் கோளாறு, கையில் கனமான கறுப்புப் பெட்டி. எல்லை தாண்டி போர்ட்போ போய்ச் சேர்ந்தவரை ஸ்பெயின் போலீஸ் திருப்பி அனுப்பப் பார்த்தது. செப்டம்பர் 26-ம் தேதி ராத்திரி அங்கேயே இறந்துபோனார்.

அவர் பேரிலேயே அந்தப் பாதை இப்பவும் இருக்கு. நடக்கலாம். முழுநாள் ஆகும். நல்ல ஷூ, ரெண்டு லிட்டர் தண்ணி, பாஸ்போர்ட் மூணையும் மறக்காதீங்க. மேலே காத்து ஆளையே தள்ளும், தொப்பி போட்டா போனதுதான். திரும்பி வர்றதுக்கு போர்ட்போவிலேயே ரயில் இருக்கு.