சான் பிரான்சிஸ்கோவின் சீனத் தெரு

சான் பிரான்சிஸ்கோ நகரின் கிராண்ட் அவென்யூவில் பச்சை ஓடு வேய்ந்த கல்வாயில் ஒன்று உண்டு. 1970-இல் எழுப்பப்பட்ட அவ்வாயிலைக் கடந்தால் சீனர் வாழும் பகுதி தொடங்குகிறது. சற்றுத் தொலைவில், 1854-இல் அர்ச்சிக்கப்பட்ட பழைய புனித மரியன்னை ஆலயம் செங்கல் கோபுரத்துடன் நிற்கிறது. அதற்கப்பால் இருமருங்கும் உணவகங்கள். கண்ணாடிச் சாளரங்களில் வறுத்த வாத்துகள் தொங்கக் கண்டோம்.

இங்கு வரும் மேனாட்டுப் பயணியர் பலர் சீன உணவென்று எதிர்பார்ப்பவை மூன்று: சாப் சூயி, ஜெனரல் சோ கோழி, உள்ளே தாள் துண்டு பொதிந்த குறி சொல்லும் பிஸ்கோத்து. இவற்றின் வரலாற்றை ஆராய்ந்தால் வியப்பே மேலிடுகிறது.

பிஸ்கோத்தின் பிறப்பிடம் சீனமன்று, ஜப்பான். அதைக் கலிபோர்னியாவுக்குக் கொணர்ந்தவர்கள் ஜப்பானியக் குடியேறிகள். 1942-இல் அவர்கள் முகாம்களில் அடைக்கப்படவே, அத்தொழில் சீனர் கைக்கு மாறிற்று. ஜெனரல் சோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் படைத்தலைவர், 1885-இல் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய கோழியையோ பெங் சாங்-க்வெய் என்ற ஹூனான் சமையற்கலைஞர் 1950-களில் தைவானில் படைத்தார். அதில் இனிப்பில்லை, 1970-களில் நியூயார்க் சென்றபின்னரே சர்க்கரை சேர்ந்தது. சாப் சூயி என்பதற்குப் பலவகைத் துண்டுகளின் கலவை என்பது பொருள். தென்சீனத்துக் குவாங்டுங் மக்களின் எளிய வீட்டுணவே அதன் மூலம்.

இவ்வுணவு ஏன் இவ்வாறு உருமாறிற்று? 1882-இல் அமெரிக்க அரசு சீனத் தொழிலாளர் நுழைவதைச் சட்டத்தால் தடுத்தது. 1943 வரை அச்சட்டம் நீடித்தது. பல தொழில்களின் கதவு அடைபட்ட சீனருக்குச் சலவைக் கடையும் உணவகமுமே பெரும்பாலும் எஞ்சின. வணிகருக்கு மட்டும் சட்டம் சிறிது இடமளித்தது. 1915-இல் நீதிமன்றத் தீர்ப்பொன்று உணவகம் நடத்துவோரையும் வணிகராக ஏற்கவே, உணவகம் தொடங்குவது உறவினரை அழைத்துக்கொள்ளும் வழியுமாயிற்று. ஆகவே எலும்பும் குடலும் நீக்கி, இனிப்பைக் கூட்டி, வந்தவர் நாவுக்கேற்பச் சமைத்தனர். இதனைப் போலி உணவென்று எள்ளுவது முறையன்று. குடும்பங்களைக் காத்த உழைப்பு அது.

மற்றொரு பழி அஜினமோட்டோ பற்றியது. 1908-இல் ஜப்பானிய அறிஞர் கிகுனே இகெடா கடற்பாசியிலிருந்து பிரித்தறிந்த சுவை அது. 1968-இல் மருத்துவ இதழொன்றில் வெளியான கடிதத்தையடுத்து, சீன உணவக நோய் என்றே ஒரு பெயர் வழங்கலாயிற்று. பின்னர் நடந்த சோதனைகள், வழக்கமான அளவில் உண்போருக்கு அது தீங்கு செய்வதை உறுதிப்படுத்தவில்லை. அதே உப்பு மேனாட்டார் டப்பா சூப்புகளிலும் இருந்தது. எனினும் பழி சீனர் மேலேயே விழுந்தது.

சீன உணவு ஒன்றே என்பதும் பிழை. தெற்கே அரிசிச் சோறு. வடக்கே கோதுமை நூடுல்சும் ஆவியில் வெந்த ரொட்டியும். சிச்சுவானில் நாக்கை மரக்கச்செய்யும் மிளகு. 1965-இல் குடியேற்றச் சட்டம் தளர்ந்தபின் இவையும் அமெரிக்க நகரங்களில் பெருகின.

வாசக அன்பர்களே, அயலார் உணவைக் குறித்து ஏளனமோ ஐயமோ எழும்போது, அதைச் சமைத்தவர் எந்நிலையில் அடுப்பு மூட்டினார் என்று முதலில் கேட்டறிவோமாக. சீனத் தெரு நமக்குக் கற்பித்த பாடம் இதுவே.