குருவி குடியிருந்த வீடுகள்

பினாங்குக்குச் செல்லும் சகோதரிகள் ஜோர்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளைப் பார்க்கத் தவறுவதில்லை. கீழே கடை, மேலே குடும்பம் என்று கட்டப்பட்டவை அவை. அவற்றுட் சிலவற்றில் ஒரு காலம் குருவிகள் குடியிருந்தன என்றால் நம்புவீர்களா?

உழவாரக் குருவி தன் உமிழ்நீரால் கட்டும் கூட்டைச் சீனர்கள் பெருவிலை கொடுத்து வாங்கிச் சூப் வைப்பார்கள். அதனால் குருவிக்கு இடம் பார்ப்பதே ஒரு தொழிலாயிற்று. அது உண்ணும் பூச்சிகளுக்காகக் காடோ வயலோ நீர்நிலையோ அருகில் வேண்டும். தொழில் தெரிந்தவர் அந்தியில் குருவிகள் திரும்பும் வழியைக் கவனிப்பார். அவற்றின் குரலை ஒலிக்கவிட்டு, எத்தனை வந்து வட்டமிடுகின்றன என எண்ணுவார். பிறகு ஜன்னல்களை அடைத்து, உள்ளே இருளும் ஈரமும் உண்டாக்கி, கூரையடியில் பலகை அடித்து, குருவி நுழைய ஒரு துவாரம் விடுவார்.

2000 ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதும் ஜோர்ஜ் டவுனில் பல குடும்பங்கள் வெளியேறின. வெறுமையான வீடுகள் சில குருவி வீடுகளாயின. அயலவர்க்கு ஓயாத இரைச்சல். பழைய சுவர்களுக்கு ஈரத்தால் சேதம். 2008 இல் யுனெஸ்கோ அந்நகரை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. 2013 முடிவுக்குள் குருவி வீடுகளை அங்கிருந்து அகற்றுமாறு மாநில அரசு கெடு விதித்தது.

குருவி வளர்ப்பு வருமானந் தரும் தொழில்தான். ஆனால், இடம் பார்ப்பவர் குருவியின் வழியோடு பக்கத்து வீட்டாரின் உறக்கத்தையும் பார்க்க வேண்டும். அயலவர் உரிமை பற்றி உங்களுக்குச் சொல்லவா வேண்டும்?